காபிலா – மருத்துவச்சியின் மறந்துபோன வரலாறு

அரபு மொழியில் மருத்துவச்சிக்குக் 'காபிலா' என்று பெயர். ஏற்றுக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய வினைவேரிலிருந்து கிளைத்த சொல் அது. ஈன்றவள் கொடுக்கிறாள், இவள் ஏற்றுக்கொள்கிறாள். ஆதலின் இப்பெயர் அமைந்தது என்று பேரறிஞர் இப்னு கல்தூன் காரணம் கூறுகிறார். தமிழில் நாம் இன்று 'செவிலியர்' என்று வழங்கும் சொல்லுக்கும் இதுபோன்றதொரு பழைமை உண்டு. சங்கப் பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்தெடுத்த தாய். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். மருத்துவமனையில் வெள்ளுடை உடுத்து நிற்கும் பெண்ணுக்குப் பெயர் தேடியபோது நம்மவர் அந்தத் தாயின் பெயரையே எடுத்து அவளுக்குச் சூட்டிவிட்டனர். பாரசீகத்தில் 'தாயா' என்றால் முதலில் பாலூட்டி வளர்ப்பவள். எகிப்தியர் வழக்கில் அதுவே மருத்துவச்சியைக் குறிக்கலாயிற்று. உருதுவில் 'தாயீ' என்பதும் அதற்கு உறவுடைய சொல்லே. பிள்ளையைக் கையில் வாங்குபவள், பாலூட்டுபவள், வளர்ப்பவள் என்னும் மூவரையும் இம்மொழிகள் எல்லாம் ஒரே குடும்பத்தவராகக் கருதியிருக்கின்றன.

ஹிஜ்ரி 779-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1377-இல், இன்றைய அல்ஜீரியாவைச் சேர்ந்த கல்அத் இப்னு ஸலாமா என்னும் கோட்டையில் ஒதுங்கியிருந்து இப்னு கல்தூன் தமது 'முகத்திமா'வை எழுதினார். அரசுகள் எழுவதும் வீழ்வதும் பற்றிய நூல் என்றே பலரும் அதனை அறிவர். ஆனால், மனிதக் கூட்டு வாழ்வுக்குத் தேவையான தொழில்களை அவர் வரிசைப்படுத்தும் பகுதியை ஊன்றிப் படிப்போர் குறைவு. உழவு, கட்டடம், தச்சு, நெசவு, தையல் என்று தவிர்க்க முடியாத தொழில்களைக் கூறிவிட்டு, இவற்றினும் உயர்ந்த பொருளைக் கையாள்வதால் மேன்மை பெற்றவை என்று வேறு சில தொழில்களை அவர் தனியே பிரிக்கிறார். எழுத்தும், நூல் படியெடுத்தலும், இசையும், மருத்துவமும் அவற்றுள் அடங்கும். அந்த மேன்மைப் பட்டியலில் மருத்துவச்சியின் தொழிலும் இருக்கிறது. நூலின் அத்தியாய வரிசையிலோ அது மருத்துவத்துக்கு முன்னால் நிற்கிறது.

அந்த அத்தியாயத்தில் அவர் தரும் விவரங்கள் கண்ணால் கண்டு எழுதியவை போன்று இருக்கின்றன. பிள்ளை வெளிவரும் வழி இறுகியிருக்கையில் காபிலா தாயின் இடுப்பையும் தொடைகளையும் இதமாக அழுத்தி நோவைத் தணிக்கிறாள். கொப்பூழ்க்கொடியைத் தக்க இடத்தில் அறுக்கிறாள். புதுப்பிள்ளையின் எலும்புகள் மென்மையானவை. நெருக்கத்தில் உருமாறிய உறுப்புகளைத் தடவித் தடவி இயல்பு நிலைக்குக் கொணர்கிறாள். பிறகு தாயிடம் திரும்புகிறாள். நச்சுக்கொடி தங்கிவிட்டால் அழுகித் தாயின் உயிருக்கே கேடாகும் என்பதறிந்து அது விழும்வரை கண்ணும் கருத்துமாய் இருக்கிறாள். அதன்பின் மீண்டும் பிள்ளைக்கு வருகிறாள். எண்ணெயும் பொடியும் பூசுகிறாள். மூக்கையும் தொண்டையையும் துப்புரவு செய்கிறாள். பேற்றினால் தளர்ந்த தாய்க்கு உரிய சிகிச்சையும் அவளே செய்கிறாள்.

இவ்வளவும் சொன்ன பிறகு அவர் ஒரு கருத்தை வைக்கிறார். பால்மறக்கும் காலம்வரை பிள்ளைக்கு வரும் நோய்களையும் அவற்றுக்கான மருந்துகளையும் அறிவதில் தேர்ந்த மருத்துவனைக் காட்டிலும் இப்பெண்களே கூர்மையுடையோர் என்கிறார் அவர். இப்னு கல்தூன் மருத்துவர் அல்லர். காழியாகவும் அமைச்சராகவும் இருந்தவர். மருத்துவத்தைப் பற்றி அவர் எழுதியவற்றில் ஏற்கத்தகாதனவும் உண்டு. ஆயினும் இந்த ஒன்றில் அவருடைய பார்வை மிகச் சரியானது என்பேன். பிள்ளையை வெளியே எடுத்துப் போட்டுவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போகிறவளாக அவர் மருத்துவச்சியைக் காணவில்லை. நோவு கண்ட நேரம் முதல் பால்மறக்கும் நாள்வரை தாயும் சேயும் அவள் பொறுப்பில் இருக்கிறார்கள். தாய்சேய் நலம் என்று இன்று நாம் பேசுவது இதைத்தானே!

இந்தக் கண்ணோட்டத்துக்கு வேர் எங்கே உள்ளது என்று வெகு தொலைவு தேட வேண்டியதில்லை. தாய்மார் பிள்ளைகளுக்கு ஈராண்டு பாலூட்டும் கால அளவைத் திருக்குர்ஆனின் பகரா அத்தியாயம் கூறுகிறது. அதே இடத்தில், அத்தாய்க்கு உணவும் உடையும் அளிப்பது தந்தையின் கடன் என்றும் கூறுகிறது. தலாக் கொடுக்கப்பட்டவளாயினும் கருவுற்றிருந்தால் பேறுவரை அவளுக்குச் செலவுக்குக் கொடுக்க வேண்டும், அவள் பாலூட்டினால் அதற்கு ஊதியமும் அளிக்க வேண்டும் என்று தலாக் அத்தியாயம் வகுக்கிறது. சூல்கொண்டவளும் பாலூட்டுபவளும் தமக்கோ பிள்ளைக்கோ தீங்கு வருமென அஞ்சினால் ரமலான் நோன்பை விட்டுப் பின்னர் நோற்கலாம் என்பதில் நான்கு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பிள்ளையை எண்ணி மட்டும் விட்டவள் ஃபித்யாவும் கொடுக்க வேண்டுமா என்பதிலேதான் ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் வேறுபடுகின்றனர். சலுகை இருந்தும் வைராக்கியத்தால் நோன்பு பிடித்து மயங்கி விழும் கர்ப்பிணிகள் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். மார்க்கம் அவர்கள்மீது சுமத்தாத பாரத்தைச் சுமத்துவது பெரும்பாலும் அருகிலிருக்கும் மாமியாரும் மதனியும்தாம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்து மருத்துவச்சியின் பெயரை வரலாறு மறைக்கவில்லை. அவர் ஸல்மா (ரலி). பெருமானாரின் மாமி ஸஃபிய்யா (ரலி) அவர்களால் உரிமை பெற்ற பெண்மணி என்று இப்னு ஸஅத் தமது 'தபகாத்'தில் குறித்துள்ளார். அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்களின் பேறுகளுக்கெல்லாம் துணை நின்றவர் அவரே. அன்னையார் ஒவ்வொரு பேற்றுக்கும் முன்னதாகவே பாலூட்டும் பெண்ணை ஏற்பாடு செய்துகொள்வார்கள் என்றும் அந்நூல் கூறுகிறது. பேறுகாலத்துக்கு முன்னேற்பாடு என்பது மேல்நாட்டார் நமக்குக் கற்றுத்தந்த புதுமை என்று எண்ணுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். பல்லாண்டுகளுக்குப் பின்னர், ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டில், மாரியா (ரலி) அவர்கள் இப்ராஹீமை ஈன்றபோதும் மதீனாவில் பிள்ளையைக் கையில் ஏந்தியவர் இதே ஸல்மாதான். அவருடைய கணவர் அபூ ராஃபிஉ (ரலி) நற்செய்தியைச் சுமந்து ஓடினார்; மகிழ்ந்த பெருமானார் அவருக்குப் பரிசளித்தார்கள். ஹலீமா நாயகியின் பெயரை மௌலிதுகளில் ஓதி ஓதி நம் பிள்ளைகள் அறிவார்கள். ஸல்மாவின் பெயரைக் கேட்டால் பெரியவர்களே விழிக்கிறார்கள்.

சட்டமும் இப்பெண்ணுக்கு ஓர் உயர்ந்த இடம் தந்தது. ஆடவர் பார்க்க இயலாத செய்திகளில் பெண்களின் சாட்சியமே போதும் என்பது ஃபிக்ஹு நூல்களின் முடிவு. பிள்ளைப்பேறு அவற்றுள் தலையாயது. எத்தனை பெண்கள் வேண்டும் என்பதில் இமாம்கள் வேறுபடுகின்றனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) நால்வர் என்றார்கள். இமாம் மாலிக் (ரஹ்) இருவர் என்றார்கள். ஹனஃபிகளும் ஹன்பலிகளும் நேர்மையான ஒருத்தியின் சொல்லே போதுமென்றனர். பிறந்த பிள்ளை அழுததா, உயிரோடு பிறந்ததா என்பது வாரிசுரிமையையே மாற்றிவிடும் கேள்வி. அந்த அழுகுரலுக்குக் காபிலாவின் சாட்சியம் ஜனாஸாத் தொழுகைக்கு மட்டும் செல்லுமா, சொத்துப் பிரிவினைக்கும் செல்லுமா என்று இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களும் அவர்களின் மாணவர் இருவரும் விவாதித்திருக்கிறார்கள். மாணவர்கள் செல்லும் என்றனர். இமாமவர்கள், அழுகுரல் ஆடவர் காதிலும் விழக்கூடியதுதானே என்று தயங்கினார்கள். முப்பதாண்டுகளாக இப்பாடத்தை நடத்தி வருகிறேன். மாணவர்கள் இதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்களே தவிர, ஒரு பரம்பரையின் சொத்தே ஓர் ஏழை மருத்துவச்சியின் நாவில் தங்கியிருந்தது என்பதை எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

இனி நூல்களுக்கு வருவோம். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டு இத்துறையின் பொற்காலம். ஏறக்குறைய ஒரே தலைமுறையில், ஒருவர்க்கொருவர் வெகு தொலைவிலிருந்த மூன்று இடங்களில், தாயையும் சேயையும் பற்றி மட்டுமே பேசும் மூன்று தனிநூல்கள் அரபியில் பிறந்தன. குர்துபாவில் அரீப் இப்னு ஸஅத் என்பவர் கருவின் தோற்றம், கர்ப்பிணிகள் பராமரிப்பு, பிறந்த குழந்தைகள் பராமரிப்பு ஆகியவற்றைப் பொருளாகக் கொண்டு ஒரு நூல் எழுதினார். அரண்மனையில் எழுத்தராய் இருந்த அவர் வரலாற்றாசிரியரும் ஆவார். தபரியின் பெருநூலைச் சுருக்கியவர். கைரவானில் இப்னுல் ஜஸ்ஸார் 'ஸியாஸத்துஸ் ஸிப்யான்' என்ற பெயரில் குழந்தை வளர்ப்பு நூலொன்றை 22 அத்தியாயங்களில் யாத்தார். நோயாளியிடம் தம் கையால் காசு வாங்காதவர் அவர் என்பர். வீட்டு வாயிலில் ரஷீக் என்ற பணியாளனை அமர்த்தி, மருந்தையும் பணத்தையும் அவன் கையாலேயே பரிமாறச் செய்தாராம். எகிப்தில், மோஸுல் பக்கத்துப் பலத் என்னும் ஊரிலிருந்து வந்த அஹ்மத் அல்பலதீ கர்ப்பிணிகள், பச்சிளங் குழந்தைகள், சிறுவர்கள் ஆகியோரின் நலம் பற்றி விரிவான நூலொன்றை எழுதி, ஃபாத்திமிய அமைச்சர் யஃகூப் இப்னு கில்லிஸுக்குக் காணிக்கையாக்கினார்.

இவற்றுக்குச் சற்றுப் பிந்தி வந்த இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' இவற்றின் சாரத்தையெல்லாம் தன்னுள் அடக்கிக்கொண்டது. கர்ப்பிணி குதிக்கக் கூடாது, அளவுக்கு மீறி உண்ணக் கூடாது, கோபமும் துயரமும் அவளை அணுகலாகாது, ஆயினும் இதமாக நடந்து பழக வேண்டும் என்கிறது அந்நூல். நான்காம் மாதத்துக்கு முன்பும் ஏழாம் மாதத்துக்குப் பின்பும் இரத்தம் எடுப்பதோ பேதிக்குக் கொடுப்பதோ ஆகாது என எச்சரிக்கிறது. மசக்கையில் மண் தின்னும் ஆசை எழுவதைப் பற்றியும் அது பேசுகிறது. இந்தச் செய்தி நமக்குப் புதிதன்று. சூலுற்ற மகளிர் மண்ணுண்ணும் வழக்கத்தைப் புறநானூறும் அறிந்திருக்கிறது. இன்றைய செவிலியர் ஒரு கர்ப்பிணியிடம் இப்பழக்கத்தைக் கண்டால், உடனே விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து இரும்புச்சத்துக் குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளாய்க் கண்ட குறிக்கு இப்போதுதான் பொருள் தெரிந்திருக்கிறது.

பிறந்த குழந்தைக்கு இப்னு ஸீனா கூறுபவை இன்னும் நுணுக்கமானவை. கொடியை நான்கு விரற்கடை விட்டு அறுத்துத் தூய கம்பளி நூலால் கட்ட வேண்டும். தாய்ப்பாலுக்கு நிகரான உணவு வேறில்லை. இயலாதபோதுதான் செவிலித்தாய் தேட வேண்டும். அவள் 25 வயதுக்கும் 35 வயதுக்கும் இடைப்பட்டவளாய், உடல் நலமும் நற்குணமும் உடையவளாய் இருக்க வேண்டும். பாலின் தன்மையை அறிய ஒரு துளியை நகத்தின்மேல் விட்டுச் சாய்த்துப் பார்க்கச் சொல்கிறார். ஓடிவிட்டால் மிக நீர்த்தது, அசையாமல் நின்றால் மிகக் கெட்டியானது. பாலூட்டுபவள் சினத்திலும் அச்சத்திலும் உழலக் கூடாது. பால் கெட்டுவிடும் என்று அவர் கூறும் காரணத்தை இன்று எவரும் ஏற்கமாட்டார். ஆனால் தாயின் மனச்சோர்வு பிள்ளையைத் தாக்கும் என்பதை மருத்துவ உலகம் இன்று ஒப்புகிறது. பிள்ளையின் உடலுக்கும் உள்ளத்துக்கும் உறுதி தரும் இரண்டை அவர் தனியே எடுத்துக் கூறுகிறார்: மெல்ல ஆட்டுவது ஒன்று, பாடி உறங்க வைப்பது மற்றொன்று. தொட்டிலும் தாலாட்டும்! நம் பாட்டிமார் 'கானூன்' படித்தவர்கள் அல்லர்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். முன்னோர் நூல் என்பதால் எல்லாமே சரி என்று நாம் போற்றினால் அது அறிவுக்கு அழகாகாது. பிள்ளை பிறந்தவுடன் முதலில் தாயல்லாத வேறொருத்தி பாலூட்டுவதே நன்று, தாயின் உடல் நிலை சீரான பின் அவள் ஊட்டலாம் என்று இப்னு ஸீனா எழுதியிருக்கிறார். கிரேக்க மருத்துவரிடமிருந்து வந்த கருத்து இது. முதல் சில நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலை அவர்கள் கெட்ட பால் என்று கருதிவிட்டனர். நம்மூரிலும் அதைப் பீச்சிக் கீழே ஊற்றிவிட்டு, சேனை வைப்பதாகச் சொல்லிச் சர்க்கரைத் தண்ணீரை நாவில் தடவும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. நோயை எதிர்க்கும் ஆற்றல் நிறைந்தது அந்தச் சீம்பால்தான் என்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாத முடிவு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாயின் மார்பில் பிள்ளையைச் சேர்க்க வேண்டும், ஆறு மாதம்வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டியதில்லை, பின்னர் வேறு உணவோடு ஈராண்டும் அதற்கு மேலும் தொடரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. ஆயிரமாண்டுப் பிழையை மாற்ற எந்தப் பேராசிரியர் வீடு வீடாகப் போனார்? செவிலியர்தாம் போனார்கள். பாட்டியின் முணுமுணுப்பைப் பொறுத்துக்கொண்டு, பிள்ளையை எடுத்துத் தாயின் மடியில் வைத்தவர்கள் அவர்களே.

அறுவை மருத்துவத்தின் தந்தையெனப் போற்றப்படும் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, தமது 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதியில், பிள்ளை இயல்பு மாறி வரும்போது செய்ய வேண்டியவற்றைக் காபிலாக்களுக்குக் கற்பிப்பது என்றே தலைப்பிட்டு எழுதியிருக்கிறார். கால் முன்னே வந்தால் என்ன செய்வது, கை வெளிவந்தால் எப்படி உள்ளே தள்ளித் திருப்புவது என்றெல்லாம் படிப்படியாகச் சொல்லிக் கருவிகளின் படங்களையும் வரைந்து காட்டுகிறார். ஆனாலும் இந்நூல்கள் அனைத்தையும் படித்து முடித்ததும் ஒரு குறை நெஞ்சில் உறுத்துகிறது. எழுதியவர் எல்லோரும் ஆடவர். காபிலா கண்டதை, காபிலா செய்ததை அவர்கள் எழுதினார்கள். அவள் தானே எழுதிய நூல் ஒன்றும் இவற்றின் நடுவே இல்லை. அதற்கு இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின.

அக்காலம் எகிப்தில் பிறந்தது. முஹம்மத் அலி பாஷா, குடியானவர்களைக் கட்டாயமாகப் பிடித்துப் பெரும்படை திரட்டிய ஆட்சியாளர். அப்படைக்கு மருத்துவம் பார்க்க 1825-இல் க்ளோட் என்ற பிரெஞ்சு மருத்துவரை வரவழைத்தார். பின்னர் க்ளோட் பே என்று புகழ்பெற்றவர் அவரே. 1827-இல் கெய்ரோவுக்கு வெளியே அபூ ஸஅபல் என்னுமிடத்தில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. முதல் மாணவர்கள் அல்அஸ்ஹரிலிருந்து வந்தனர். பிரெஞ்சுக்காரர் நடத்திய பாடங்கள் அரபியில் பெயர்க்கப்பட்டன. மொழிநடையைத் திருத்த அஸ்ஹரின் ஷைகுமார்கள் அமர்த்தப்பட்டனர். பழைய அரபு மருத்துவ நூல்களின் கலைச்சொற்கள் அவர்கள் வழியாகப் புதிய பாடநூல்களுக்குள் புகுந்தன. மதரஸாவில் கற்றவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்போருக்கு இது விடை.

1832-இல் அதே இடத்தில் பெண்களுக்கான மகப்பேற்று மருத்துவப் பள்ளி பிறந்தது. நோக்கம் பெண்களின்மேல் கொண்ட இரக்கம் மட்டுமன்று. அம்மையாலும் பேற்றுக் கேட்டாலும் மக்கள் தொகை குறைந்தால் படைக்கு ஆள் எங்கிருந்து வரும் என்ற கணக்கும் அதனுள் இருந்தது. பள்ளி தொடங்கிற்று, மாணவியர் இல்லை. எகிப்தியக் குடும்பம் எதுவும் தன் மகளை அனுப்ப முன்வரவில்லை. கடைசியில் அரசு என்ன செய்தது தெரியுமா? அடிமைச் சந்தைக்குப் போய் அபிசீனிய, சூடானியப் பெண்கள் பத்துப் பேரை விலைக்கு வாங்கி வந்து பள்ளியில் சேர்த்தது. பின்னர் அநாதைச் சிறுமியரும், படைவீரரின் பெண் மக்களும் சேர்க்கப்பட்டனர். முஸ்லிம் உலகில் பெண்களுக்கென அரசு நிறுவிய முதல் மருத்துவப் பள்ளி என்று பெருமையுடன் எழுதும் நம் கட்டுரையாளர்கள் இந்தச் சந்தையைச் சொல்லாமல் நழுவிவிடுகிறார்கள். அவ்வாறு நழுவுவது முறையன்று. யாரும் தம் மகளைத் தர மறுத்த கல்விக்கு, மறுக்க உரிமையற்ற பெண்கள் கொண்டுவரப்பட்டனர். எகிப்தின் தாய்மார் பின்னர் கண்ட நன்மைக்கு அவர்களே முதற்படி.

படிப்பு ஆறு ஆண்டுகள். முதல் ஈராண்டு அரபு எழுதப் படிக்க. அதன்பின் மகப்பேறு, பேற்றுக்கு முன்னும் பின்னும் தாயைப் பேணுதல், குழந்தைப் பராமரிப்பு, காயத்துக்குக் கட்டுப்போடுதல், அம்மை குத்துதல், மருந்து கூட்டுதல். தேறியவள் 'ஹகீமா' எனப்பட்டாள். அறிவும் மருத்துவமும் ஒருங்கே கொண்டவள் என்று அச்சொல் பொருள்படும். படையில் இரண்டாம் லெப்டினன்டுக்குச் சமமான தகுதி அவளுக்குத் தரப்பட்டது. மருத்துவக் கல்லூரியில் தேறிய இளைஞருக்கு அவளை மணமுடித்து இருவரையும் ஒரே ஊருக்கு அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. 1837-இல் மருத்துவக் கல்லூரி கெய்ரோவின் கஸ்ருல் ஐனீக்கு மாறியபோது, இப்பள்ளியும் நகருக்குள் அஸ்பகிய்யாப் பகுதி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது.

ஹகீமா வீட்டுக்குள் நுழைந்தாள். ஆடவ மருத்துவன் படி மிதிக்க முடியாத வீடுகளில் அவள் தாய்மாரைக் கண்டாள், பிள்ளைகளுக்கு அம்மை குத்தினாள். அது எளிய வேலையன்று. பிள்ளையின் தோளில் குத்தும் தழும்பு, பின்னாளில் படைக்குப் பிடித்துப் போக அரசு இடும் அடையாளம் என்று குடியானவர்கள் அஞ்சினார்கள். கட்டாயப் படைக்குப் பயந்து தாமே விரலை வெட்டிக்கொண்ட மக்கள் அவர்கள்; அந்த அச்சத்தை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஹகீமா அந்தத் தாய்களின் மொழியில் பேசி, அவர்கள் முற்றத்தில் அமர்ந்து, அச்சத்தைக் கரைக்க வேண்டியிருந்தது. பழைய தாயாக்களைத் தேர்வு செய்து உரிமம் வழங்குவதும், பேறு சிக்கலானால் உடனே தகவல் தரும்படி அவர்களைப் பழக்குவதும் அவள் பணியாயின. பெரும்பாலான பேறுகள் தொடர்ந்து தாயாக்களின் கையிலேயே நடந்தன என்பதையும் கூறவேண்டும். ஹகீமாக்கள் தொகையில் சிறியவர்.

காவல் நிலையங்களிலும் ஹகீமாக்கள் அமர்த்தப்பட்டனர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அடிபட்டோ கற்பழிப்புக் கொடுமைக்கு ஆளாகியோ வரும் பெண்ணைச் சோதித்து அறிக்கை தருவதும், பெண்கள் இறந்தால் இறப்பின் காரணத்தை ஆராய்ந்து சான்று அளிப்பதும் அவர்கள் கடமை. ஐரோப்பியர் கொணர்ந்த புதுமை என்று இதனைச் சிலர் எழுதுவர். நான் அப்படிக் கருதவில்லை. ஆடவர் பார்க்க இயலாததில் பெண்ணின் சொல்லே சான்று என்று ஃபிக்ஹு ஆயிரமாண்டுக்கு முன்பே சொல்லியிருந்ததால்தான், இந்தப் புதிய பதவி அந்த மண்ணில் அவ்வளவு இயல்பாக வேர்பிடித்தது. காபிலாவின் சாட்சிப் பீடத்தில்தான் ஹகீமா அமர்ந்தாள்.

நூல் எழுதாத குறையும் தீர்ந்தது. அரபியில் வெளிவந்த முதல் மருத்துவ இதழான 'யஃஸூபுத் திப்பு' 1865-இல் தோன்றியது. அதில் ஜலீலா தமர்ஹான் என்னும் ஹகீமா கட்டுரை எழுதினார். இப்பள்ளியில் பயின்று இப்பள்ளியிலேயே கற்பித்தவர் அவர். மகப்பேற்று மருத்துவம் பற்றித் தனி நூலும் யாத்தார். இப்னு கல்தூன் வெளியே நின்று விவரித்த தொழிலை ஒரு பெண் உள்ளிருந்து எழுத ஐந்நூறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. 1882-இல் பிரிட்டிஷார் எகிப்தைக் கைப்பற்றிய பின் ஹகீமாவின் நிலை தாழ்ந்தது. சுயமாக மருத்துவம் பார்த்தவள், ஆடவ மருத்துவரின் கைக்கு உதவும் பணிப்பெண்ணாகச் சுருக்கப்பட்டாள். அடிமைச் சந்தையிலிருந்து உயர்த்தப்பட்ட பதவி, நாகரிகம் கற்பிக்க வந்தவர்களின் ஆட்சியில் இறங்கியது!

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னை எழும்பூரில் மகப்பேற்று மருத்துவமனை 1844-இல் தொடங்கிற்று. ஆயினும் திரைக்குள் வாழ்ந்த முஸ்லிம் பெண்களும் மேற்குடி இந்துப் பெண்களும் அங்கே செல்லவில்லை. சென்னையில் வழக்கறிஞராய் இருந்த கணவருடன் வாழ்ந்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி இந்நிலை கண்டு வருந்தி, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே சேர்ந்து படித்தார். அவருடைய முயற்சியில் 1885-இல் பிறந்ததே திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரி. இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் நடைபெறுவது. கோஷா என்பது 'மூலை' என்ற பொருளுடைய பாரசீகச் சொல். மூலையில் இருந்தவர்களைத் தேடிக் கட்டிய மருத்துவமனைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வேறென்ன!

அடுத்த பத்தாண்டில் திண்டிவனத்தில் நடந்ததைப் பலரும் அறிவர். ஒரே இரவில் மூவர் அடுத்தடுத்து வந்து, பேற்று நோவில் துடிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்ற ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணை அழைத்தனர். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தைதான் மருத்துவர் என்றார் அவர். அந்நிய ஆடவரை அழைக்க மூவரும் மறுத்துவிட்டனர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். மறுத்த மூவரில் ஒருவர் முஸ்லிம். அந்தப் பெண் 1900-இல் மருத்துவராகித் திரும்பி, வேலூரில் 1909-இல் செவிலியர் பயிற்சியும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கிய வரலாறு புகழ்பெற்றது. அம்மூவர் இல்லங்களில் தாயை இழந்த பிள்ளைகளுக்கு என்னவாயிற்று என்று எந்த நூலும் கூறவில்லை. நம்மவர் அன்று கதவை மூடியது மார்க்கத்தினாலா? உயிருக்கு ஆபத்து நேர்கையில் பெண் மருத்துவர் கிடைக்காவிட்டால் ஆடவர் பார்க்கலாம் என்று எந்த மத்ஹபின் நூலிலும் அனுமதி இருக்கிறதே! சட்டம் அறியாத வெட்கம் அது. ஓர் உயிரைக் கொன்றது.

இன்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கிராம சுகாதார செவிலியர் கருவுற்ற பெண்ணின் பெயரைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்துகொள்கிறார். எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார், இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார், தடுப்பூசி போடுகிறார், பேற்றுக்குப் பின் வீட்டுக்கே வந்து தாயின் உடலையும் முகத்தையும் உற்றுப் பார்த்து, பிள்ளை பால் குடிக்கிறதா என்று விசாரிக்கிறார். நம் வீடுகளுக்குள் அவர் வரும்போது நாம் அவரை நிற்க வைத்தே பேசி அனுப்பிவிடுகிறோம். பேறு நெருங்கினால் 'லேடி டாக்டர்தான் வேண்டும், பெண் நர்ஸ்தான் வேண்டும்' என்று வற்புறுத்துகிறோம். அந்தப் பெண்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்பதில்லை. முஹம்மத் அலி பாஷாவின் அதிகாரிகளிடம் எகிப்தியக் குடும்பங்கள் சொன்ன விடையைத்தான் நம்மில் பலர் இன்றும் சொல்கிறோம்.

சென்ற ஆண்டு என்னிடம் அரபு கற்ற மாணவி ஒருத்தியின் தகப்பனார் வந்தார். மகள் செவிலியர் பட்டப்படிப்புக்குப் போக விரும்புகிறாள், சொந்தக்காரர்கள் இழிவாகப் பேசுகிறார்கள், மார்க்கத்தில் இடமுண்டா என்று கேட்டார். நான் ஃபத்வா ஏதும் சொல்லவில்லை. ஸல்மா (ரலி) அவர்களைப் பற்றிச் சொன்னேன். 'முகத்திமா'வைத் திறந்து அந்த அத்தியாயத்தை வரிவரியாகப் பொருள் கூறிப் படித்துக் காட்டினேன். தோள்துண்டை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாகக் கேட்டார். முடித்ததும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஹஜ்ரத், நாலு வருஷத்துக்கும் சேர்த்து ஹாஸ்டல் செலவு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்.